உப்பளத்துக் கேள்வி டெல்லிக்குப் போகட்டும்

மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்பவருக்கு ஒரு குறை என்றால் எங்கே போவார்? முதலில் குத்தகைதாரரிடம். அங்கே பலிக்காவிட்டால் தாலுகா அலுவலகம். அதற்கும் மேல் என்றால், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் திங்கள்கிழமை விழுப்புரத்துக்குப் பஸ் ஏறி, ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுப்பார். இந்த மூன்று இடங்களிலும் தீராத விஷயங்கள் சில உண்டு. அதிகாரிகளின் மெத்தனத்தை மட்டும் இதற்குக் காரணமாகச் சொல்ல முடியாது. உப்பு அவர்கள் கையில் இல்லை.

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மத்திய அரசுக்கு உரிய அதிகாரப் பட்டியல் இருக்கிறது. அதில் 58-வது இனம் உப்பு. உப்பு ஆணையரின் தலைமை அலுவலகம் ராஜஸ்தானின் ஜெய்ப்பூரில். அவருக்கு மேலே வர்த்தகம் மற்றும் தொழில் அமைச்சகம். தூத்துக்குடி, வேதாரண்யம் போலப் பெயர் பெற்ற மரக்காணத்தில் மத்திய, மாநில அரசுகளுக்குச் சொந்தமான உப்பள நிலம் மூவாயிரம் ஏக்கருக்கும் மேல். இதில் மத்திய அரசு நிலம் யாருக்குக் குத்தகை, எத்தனை ஆண்டுக்கு, என்ன நிபந்தனையில் என்பதற்கெல்லாம் நாடாளுமன்றத்தில் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அந்தத் துறையின் அமைச்சர். கேட்டால்தானே சொல்வார்?

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். 1953-ல் உப்பு மேல்வரிச் சட்டம் வந்தது. டன்னுக்கு மூன்றரை ரூபாய் வசூலானது. அந்தப் பணத்தை எதற்கெல்லாம் செலவிடலாம் என்று சட்டம் சொன்னவற்றில் உப்புத் தொழிலாளர் நலனும் ஒன்று. பெரிய பணம் இல்லைதான். ஆனாலும் உப்பு வாருபவரின் குடிநீர், மருத்துவம், பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றைக் காட்டிக் கேட்க ஒரு சட்டப்பிடி இருந்தது. 2016 நிதிச் சட்டத்தில், வசூல் குறைந்த வேறு பல மேல்வரிகளோடு சேர்த்து இதையும் நாடாளுமன்றம் ரத்து செய்தது. அது 2016 மே மாதம். தமிழ்நாடே சட்டமன்றத் தேர்தல் பரப்புரையில் மூழ்கியிருந்த நேரம். உப்பளக் கரையில் இதைப் பற்றி யார் பேசினார்கள்?

வரியை எடுத்ததை நாம் குறை சொல்லவில்லை. அதோடு போன தொழிலாளர் நலப் பொறுப்புக்கு மாற்றாக என்ன வைத்தீர்கள் என்று கேட்க வேண்டியிருந்தது. இப்போதும் கேட்கலாம். மழைக்காலத்தில் வேலை இல்லாமல் கிடக்கும் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு ஐயாயிரம் ரூபாய் நிவாரணம் என்று மாநில அரசு 2022-ல் தொடங்கியது நல்ல காரியம். ஆனால் உப்பைத் தன் பட்டியலில் வைத்திருக்கும் அரசுக்கும் அந்த மூன்று மாதப் பசியில் பங்கு உண்டு.

உப்பு வாருவோரில் தலித் மக்கள் கணிசமானோர். பெண்கள் நிறைய. விழுப்புரம் நாடாளுமன்றத் தொகுதி 2009 தேர்தல் முதல் தனித்தொகுதி. மரக்காணம் அடங்கிய திண்டிவனம் சட்டமன்றத் தொகுதியும் தனித்தொகுதிதான். ஆனந்தன், ராஜேந்திரன், இரண்டு முறை வென்ற ரவிக்குமார் என மூவரை இந்தத் தொகுதி டெல்லிக்கு அனுப்பியிருக்கிறது. நாடு முழுக்க மக்களவையில் தலித்துகளுக்கான இடங்கள் 84, தமிழ்நாட்டில் 7. இந்த ஒதுக்கீடும் 104-வது திருத்தத்தின்படி 2030 ஜனவரி வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் 1932 பூனா ஒப்பந்தத்துக்குப் பிறகு தனித்தொகுதி உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பது எல்லாச் சாதி வாக்காளர்களும்தான். ஆகவே, நம்மவர் போயிருக்கிறார், எல்லாம் நடக்கும் என்று சேரி சும்மா இருந்தால், சத்தமாகக் கேட்கிறவர்களின் வேலைதான் முதலில் நடக்கும். யார் உறுப்பினராக இருந்தாலும் இதுதான் நிலை.

மரக்காணத்துக்கு அதிகத் தொலைவில்லாத மதுராந்தகம் வட்டாரத்துக் கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். தேர்தலில் வென்றவர் அல்ல. சென்னை சட்ட சபைக்கு நியமிக்கப்பட்டவர். 1924-ல் அவர் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலையும் பொதுக் கிணறும் அரசு அலுவலகமும் எல்லோருக்கும் பொது என்றது. சபை ஏற்றது, அரசு அதை அரசிதழில் வெளியிட்டது. உரிமையைக் காட்ட ஒரு காகிதம் கையில் கிடைத்தது. ஓர் உறுப்பினரால், அதுவும் அந்தக் காலத்தில், அவ்வளவு முடிந்திருக்கிறது.

இன்று வழிகள் அதைவிட அதிகம். எம்.பி. ஒருவர் 15 நாள் முன்னறிவிப்போடு எழுத்துப்பூர்வக் கேள்வி கொடுத்தால் அமைச்சகம் பதிலைச் சபையில் வைத்தாக வேண்டும். மரக்காணத்தில் மத்திய அரசு உப்பள நிலக் குத்தகைகள் எத்தனை, அவற்றில் தலித்துகள் பெயரிலும் பெண்கள் பெயரிலும் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் பெயரிலும் எத்தனை? இந்த ஒரு கேள்விக்கு எண்ணிக்கையோடு பதில் வந்தாலே இந்தக் கரையில் சமத்துவம் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். உப்பை வாருகிறவர் ஒருவர், குத்தகை வைத்திருப்பவர் வேறொருவர் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் தெரிந்த கதைக்கும், அமைச்சர் கையெழுத்தோடு வரும் கணக்குக்கும் எடை வேறு.

எம்.பி. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு ஐந்து கோடி. அதில் 15 சதவீதம், அதாவது 75 லட்சம், தலித் மக்கள் வாழும் பகுதிகளுக்கு என்பது விதி. நம் காலனிக்கு அதில் என்ன வந்தது என்று கிராமசபையில் கேட்கலாம். வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி ஆட்சியர் தலைமையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய மாவட்டக் கண்காணிப்புக் குழுவிலும் எம்.பி. உறுப்பினர். 2013 ஏப்ரல் 25-ல் தலித் வீடுகள் எரிந்த மண்ணில் இந்தக் குழு எப்போது கூடியது, என்ன பேசியது என்று கேட்பது யாரையும் சீண்டுவது ஆகாது.

வழிகள் இருந்தும் அடைபட்ட காலமும் உண்டு. 2020 செப்டம்பரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரமே இல்லாமல் கூட்டத்தொடர் நடந்தது. எதிர்க்கட்சிகள் புறக்கணித்திருந்த அவைகளில் மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நிறைவேறின. முறைசாராத் தொழிலாளரின் சமூகப் பாதுகாப்பும் அதில்தான் இருக்கிறது. உப்பளத்தார் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வாய்ப்பில்லை.

இன்னொரு தடை மொழி. மக்களவையின் மனுக்கள் குழுவுக்குக் குடிமக்கள் யாரும் மனு அனுப்பலாம். பொதுநலம் சார்ந்ததாக இருக்க வேண்டும், நீதிமன்றத்தில் உள்ள வழக்காக இருக்கக் கூடாது. ஆனால் தமிழில் எழுதினால் கூடவே ஆங்கிலம் அல்லது இந்தி மொழிபெயர்ப்பு, அதிலும் மனுதாரரின் கையெழுத்து வேண்டும். சபையில் வைக்கப்படும் பதில்களும் அந்த இரு மொழிகளில்தான். எட்டாவது அட்டவணையில் தமிழை வைத்துவிட்டு, தமிழ்க் குடிமகனின் மனுவுக்கு மட்டும் துணைக்கு ஆள் தேடச் சொல்வது என்ன நியாயம்? மாற்ற வேண்டியது நாடாளுமன்றம். மாறும்வரை திண்டிவனம், விழுப்புரம் கல்லூரிகளில் படிக்கும் நம் பிள்ளைகள் அந்த மொழிபெயர்ப்பைச் செய்யலாம். நாடாளுமன்ற இணையதளத்தில் பதில்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. உப்பு பற்றிய பதில்களைத் தமிழாக்கி ஊர் நூலகத்தில் ஒட்டுவது ஒரு நாள் வேலை.

பட்ஜெட் கூட்டத்தொடர் ஜனவரி கடைசியில் தொடங்குகிறது. மழை ஓய்ந்து இங்கே பாத்திகளைச் சீர்செய்யும் நேரமும் அதுதான். அப்போது மனு எழுத யாருக்கும் நேரம் இருக்காது. உப்பளம் நீரில் கிடக்கும் ஐப்பசி, கார்த்திகையில் ஊர் கூடி உட்கார்ந்து எழுதி, கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியை எம்.பி. அலுவலகத்தில் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளலாம்.