பார்கின்சன் நோய் முற்றுகிறதா என்பதை தோல் துணுக்கு சொல்லுமா? பயாப்ஸி பரிசோதனையில் என்ன சிக்கல்?

விரல்களைத் தட்டுங்க, கையை விரித்து மூடுங்க, கொஞ்சம் நடந்து காட்டுங்க. பார்கின்சன் நோயாளிகள் மருத்துவரிடம் போகும்போதெல்லாம் நடப்பது இதுதான். அதைப் பார்த்து மருத்துவர் மதிப்பெண் போடுவார். லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்கின்சன் இந்த நடுக்குவாதத்தைப் பற்றி எழுதியது 1817-ல். 200 வருஷம் தாண்டியும், நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதை அளக்க பெரும்பாலும் இந்த மதிப்பெண்ணைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. சர்க்கரை நோய்க்கு 3 மாத சராசரியைச் சொல்லும் ரத்தப் பரிசோதனை இருக்கு இல்லையா, அந்த மாதிரி ஒண்ணு இங்கே கிடையாது.

இதனால் என்ன பிரச்னை? லெவோடோபா மாத்திரை போட்டுவிட்டு வந்தால் மதிப்பெண் ஒரு மாதிரி, போடாமல் வந்தால் வேறு மாதிரி. அந்த மாத்திரை உடல் இறுக்கத்தையும் மந்தத்தையும் குறைக்கும். ஆனால் மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் அழிவதை அது நிறுத்துவதாக நிரூபிக்கப்படவில்லை. நாளைக்கு ஒரு புது மருந்து வந்து மதிப்பெண் குறைந்தால், நோயே மெதுவாகிவிட்டதா, அறிகுறி மட்டும் அடங்கியிருக்கா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

தோலில் என்ன தேடுகிறார்கள்?

ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம். இது உருக்குலைந்து நரம்பு செல்களில் கட்டியாகச் சேர்வதுதான் பார்கின்சனின் முக்கிய அடையாளம். உயிரோடு இருப்பவரின் மூளையை வெட்டிப் பார்க்க முடியாது. ஆனால் குடல், உமிழ்நீர்ச் சுரப்பி, தோல் ஆகியவற்றின் நரம்புகளிலும் இதே புரதம் சேர்கிறது. இதில் தோல்தான் சுலபம். மரத்துப்போக ஊசி போட்டு, பின்கழுத்து, தொடை, கீழ்க்கால் என மூன்று இடங்களில் 3 மில்லிமீட்டர் அகலத்துக்குத் துணுக்கு எடுப்பார்கள்.

அமெரிக்காவில் 428 பேரிடம் நடந்த ஆய்வு 2024-ல் ஜாமா இதழில் வெளியானது. பார்கின்சன் நோயாளிகளில் 92.7 சதவீதம் பேரின் தோலில் இந்தப் புரதம் சிக்கியது. நோய் இல்லாதவர்களில் 3.3 சதவீதம் பேரிடம்தான்.

அப்போ வேலை முடிஞ்சுதா?

இல்லை. புரதம் 'இருக்கா' என்பதற்குத்தான் இந்த எண்கள் பதில். 'போன வருஷத்தைவிட எவ்வளவு கூடியிருக்கு' என்பது வேறு கேள்வி. எடுத்த துணுக்கை மறுபடி எடுக்க முடியாது. அடுத்த முறை பக்கத்து இடத்தில்தான் எடுக்க வேண்டும். புரதமோ எல்லா இடத்திலும் சமமாகப் பரவியிருப்பதில்லை. ஒரே நோயாளியின் பல திசுக்களை ஒப்பிட்ட மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் அறக்கட்டளையின் ஆய்வில், ஒரு திசுவில் சிக்கியது இன்னொன்றில் சிக்காமல் போனது. அதனால் எண்ணிக்கை கூடினால் காரணம் நோயா, வெட்டிய இடமா?

இன்னொரு குழப்பமும் உண்டு. நோய் வளர வளர தோலின் நுண்ணிய நரம்பிழைகளும் குறையலாம். நரம்பே போய்விட்டால் அதிலிருக்கும் புரதமும் குறைவாகத்தான் தெரியும். அதாவது, எண்ணிக்கை குறைவது நல்ல செய்தியாக இல்லாமலும் போகலாம்!

இப்போதைக்கு இதன் பெரிய பயன் நோயைக் கண்டறிவதிலும், மருந்து ஆய்வுக்குச் சரியான ஆட்களைத் தேர்ந்தெடுப்பதிலும்தான். அதிலும் லூயி பாடி டிமென்ஷியா போன்ற நோய்களிலும் இதே புரதம் தோலில் தெரிவதால், எந்த நோய் என்பதை மருத்துவர்தான் பிரித்துச் சொல்ல வேண்டும். ரிசல்ட் நெகட்டிவ் என்று வந்தாலும் மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. அந்த ஆய்விலேயே நோய் இருந்தும் 100-க்கு 7 பேரின் தோலில் எதுவும் சிக்கவில்லை.