அம்மாவே ஆயாவா?

உடம்பிலோ மூளை வளர்ச்சியிலோ குறை உள்ள பிள்ளைகளையும் சாதாரணப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று சட்டம் வந்தாயிற்று. நல்லதுதான். ஆனால், சேர்த்த பிறகு அந்தப் பிள்ளையைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போவது யார்? இதற்கு மட்டும் யாரும் பதில் சொல்வதில்லை.

என் மகனுக்கு மூளை முடக்குவாதம். பத்து வயது. புத்தியில் குறைவில்லை, வாய்ப்பாடு தலைகீழாகச் சொல்வான். நடக்கத்தான் முடியாது. பள்ளியில் சேர்த்தபோதே, "சேர்த்துக்கறோம்மா, ஆனா நீங்க கூடவே இருக்கணும். ஒரு டீச்சர் நாப்பது பிள்ளைங்களை விட்டுட்டு இவனைத் தூக்கிட்டுப் போக முடியுமா?" என்றார்கள். டீச்சரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. மூன்று வருஷமாக வகுப்பு வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் தையல் மெஷின் தூசி படிந்து கிடக்கிறது. எனக்குக் காய்ச்சல் என்றால் அவனுக்கும் லீவு. ரேஷன் கடை வரை போய் வந்தால்கூட, அதுவரை தண்ணீர் குடிக்காமல் இருப்பான். குடித்தால் வந்துவிடுமே என்ற பயம்.

சிறப்பாசிரியர் வருகிறார், தங்கமான பெண். ஆனால், வட்டார வள மையத்திலிருந்து பல பள்ளிகளுக்கு ஓட வேண்டியவர். தொடக்கப் பள்ளியில் இப்படிப்பட்ட பிள்ளைகள் 10 பேருக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று மத்திய அரசு 2022ல் கணக்கு சொன்னது. அவர்களும் பாடம் சொல்லித் தருகிறவர்கள்தான். தினமும் காலை முதல் மாலை வரை கூட இருக்க வேறு ஆள் வேண்டும். 2016ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், ஆசிரியர்களோடு துணைப் பணியாளர்களுக்கும் பயிற்சி தர வேண்டும் என்று இருக்கிறது. வேலைக்கு ஆளே போடாமல் யாருக்குப் பயிற்சி?

1982ல் சத்துணவு வந்தபோது அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று மையத்துக்கு மூன்று பேரைப் போட்டார்களே, எத்தனை ஏழைப் பெண்களுக்குக் கஞ்சி ஊற்றியது அந்த வேலை! அதுபோல இதற்கும் ஊரிலேயே ஆள் எடுக்கலாம். ஆனால், 'சேவை' என்று சொல்லி அரைச் சம்பளம் கொடுக்கக் கூடாது. வளர்ந்த பிள்ளையைத் தூக்கி இறக்குவதில் இடுப்பு போய்விடும், தெரியுமா?

எடுத்தால் மட்டும் போதாது, பயிற்சி முக்கியம். எப்படித் தூக்குவது, சாப்பாடு புரையேறாமல் எப்படி ஊட்டுவது, வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று தெரிய வேண்டும். அதைவிட, எப்போது விலகி நிற்பது என்று தெரிய வேண்டும். நான் பக்கத்தில் இருந்தால் மற்ற பசங்க இவனோடு பேச மாட்டேன் என்கிறார்கள். பென்சிலை அவனே பிடிக்கட்டும் என்று விடுகிறவர்தான் நல்ல உதவியாளர். பெரிய பையன்களுக்கு ஆண் உதவியாளர் வேண்டும். எட்டாம் வகுப்புப் பையனோடு அம்மா ஆண்கள் கழிப்பறைக்குள் போக முடியுமா?

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லாவிட்டாலும், கூட்டத்தில் இதைத் தீர்மானமாகப் போடச் சொல்லுங்கள். எங்கள் பள்ளியில் எழுதிக் கொடுத்துவிட்டேன். பதிவேட்டில் ஏற்றினார்களா என்று அடுத்த கூட்டத்தில் கேட்கத்தான் போகிறேன்.

– ஒரு வாசகி, திருச்சி.