இரண்டாவது வழியும் தலைக்கணக்கும்: கல்லூரிகளுக்குத் தங்கவயல் சுரங்கங்கள் தரும் பாடம்

கோலார் தங்கவயல்: கல்லூரிக் கட்டடம் ஒன்றில் தீ மூண்டாலோ நிலம் அதிர்ந்தாலோ இரண்டு கேள்விகளே உயிர்களைத் தீர்மானிக்கின்றன. வெளியேற இரண்டாவது வழி உள்ளதா? உள்ளே எத்தனை பேர் எஞ்சியுள்ளனர் என்பதை உடனே கூற இயலுமா? இவ்விரண்டுக்கும் இந்தியச் சுரங்கச் சட்டம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே விடை வகுத்துவிட்டது.

தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் கொண்டது. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001-ஆம் ஆண்டு பணிகளை நிறுத்தும் வரை, நிலத்தடிப் பணியை இரு அடிப்படை விதிகள் காத்து நின்றன. குறைந்தது இரண்டு வெளியேறும் வழிகள் இருக்க வேண்டும் என்பது ஒன்று. எந்த நொடியிலும் நிலத்தடியில் இருப்போர் ஒவ்வொருவரின் பெயரையும் காட்டும் பதிவேடு வேண்டும் என்பது மற்றொன்று. பின்னது 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் 48-ஆவது பிரிவாக இருந்தது.

வழி அடைபட்டபோது

கல்விக் கட்டடங்களின் துயர வரலாறு இவ்விதிகளின் தேவையை உணர்த்துகிறது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் மாண்டனர். கூரை வேய்ந்த மாடி வகுப்பறைகளிலிருந்து இறங்கக் குறுகிய படிக்கட்டே இருந்தது. 2019 மே 24 அன்று சூரத் பயிற்சி மையத்தில் 22 மாணவர்கள் உயிரிழந்தனர். பலர் மாடியிலிருந்து குதித்தனர். 2023 ஜூனில் டெல்லி முகர்ஜி நகர் பயிற்சி மையத்தில் மாணவர்கள் சன்னல் வழியே கயிறுகளைப் பற்றி இறங்கினர். 2010 பிப்ரவரி 23 அன்று பெங்களூரு கார்ல்டன் டவர்ஸ் அலுவலகக் கட்டடத்தில் 9 பேர் இறந்தனர். அங்கு தீயைவிடப் புகையே பெருங்கேடு விளைவித்தது.

விதிகளின் எல்லை

கும்பகோணம் துயரையடுத்துத் தொடரப்பட்ட வழக்கில், பாதுகாப்பான பள்ளியும் கல்வி உரிமையின் ஓர் அங்கமே என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் கவனம் பள்ளிகள் மீதே இருந்தது. 2016-ஆம் ஆண்டு தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வெளியேறும் கதவுகள் சாவியின்றி உள்ளிருந்து திறக்கக்கூடியனவாக இருக்க வேண்டும் என்கிறது. முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும், பின்னர் ஆறு மாதங்களுக்கு ஒருமுறையும் ஒத்திகை நடத்த வேண்டும் என்ற அதன் வழிகாட்டுதல் உயரமான கட்டடங்களுக்கானது. சிறு நகரங்களின் மூன்று மாடிக் கல்லூரிகளில் பல அந்த வரையறைக்குள் வருவதில்லை. ஆனால் கும்பகோணம் கட்டடமும் உயரமானதன்று.

தங்கவயலின் தனிச்சூழல்

சுரங்கத் தொழிலாளர்கள் 'ஏர் பிளாஸ்ட்' என்று குறிப்பிட்ட பாறை வெடிப்புகள் இவ்வூருக்குப் புதியவை அல்ல. அவற்றின் அதிர்வு நிலத்தின் மேலுள்ள கட்டடங்களையும் எட்டியதுண்டு. எனவே உரிகம், ராபர்ட்சன்பேட்டை பகுதிகளின் கல்வி நிறுவனங்கள் இருவகை ஒத்திகைகளை நடத்துவது அவசியம். தீ என்றால் தாமதமின்றி வெளியேற வேண்டும். புகை சூழ்ந்தால் தரையையொட்டித் தாழ்ந்து நகர வேண்டும். அதிர்வு என்றால் மேசைக்கடியில் தலையைக் காத்து, அது அடங்கிய பின்னரே படிக்கட்டை நாட வேண்டும். எந்நிலையிலும் மின்தூக்கியைப் பயன்படுத்தலாகாது. ஒரே மணியோசை இரண்டுக்கும் ஒலித்தால் குழப்பமே மிஞ்சும்.

செலவில்லாத சீர்திருத்தம்

கல்லூரி வருகைப்பதிவேடு பெரும்பாலும் தேர்வுத் தகுதிக்காகவே பேணப்படுகிறது. நூலகத்திலும் ஆய்வகத்திலும் கழிவறையிலும் இருப்போரை அது காட்டாது. இக்குறையை நீக்கப் பெருநிதி தேவையில்லை. ஆசிரியர் பதிவேட்டுடன் வெளியேறுதல், தளத்துக்கு ஒருவர் எல்லா அறைகளையும் சரிபார்த்தல், மாற்றுத்திறனாளி மாணவருக்கு முன்கூட்டியே துணைவரை நியமித்தல், திறந்தவெளியில் ஒருவரிடமே கணக்கை ஒப்படைத்தல் ஆகியவை போதும். தீயணைப்புப் படையினர் வந்ததும் முதலில் கேட்பது அந்தக் கணக்கையே. அது கையில் இல்லையெனில், எவரும் இல்லாத அறைகளைத் தேடுவதிலேயே மீட்புக்கான நிமிடங்கள் கரையும்.

தேர்வு நாள்களில் கட்டுப்பாட்டுக்காகப் பூட்டப்படும் பக்கவாட்டுக் கதவு எளிதில் மறக்கப்படக்கூடியது. மாணவர்கள் மிகுதியாகக் கூடும் நாளில்தான் இரண்டாவது வழி மிகவும் தேவைப்படுகிறது. அவசர உதவிக்கு 112 என்ற எண்ணை அழைக்கலாம். ஆனால் உதவி வந்து சேரும் வரையிலான நிமிடங்கள் கல்லூரியின் பொறுப்பிலேயே உள்ளன.