பீநட்டுன்னா என்ன சார்?

பணி ஓய்வுக்குப் பிறகு எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் ஒன்று உண்டு. வாரத்தில் இரண்டு நாளாவது சாயங்காலம் வெளியே போய் ஹோட்டலில் டிபன் சாப்பிட வேண்டும். வீட்டம்மாவுக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் கும்பகோணத்துக்காரனை டிகிரி காபியை விடச் சொன்னால் எப்படி?

அப்படி ஒரு மார்கழி மாதச் சாயங்காலம். பக்கத்து மேஜையில் வெளிநாட்டுத் தம்பதி. எங்கள் வயதுதான் இருக்கும். தாராசுரம் கோயில் பார்த்துவிட்டு வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. 2004-இல் ஐராவதேசுவரர் கோயில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு இந்தப் பக்கம் இப்படிப்பட்டவர்களை அடிக்கடி பார்க்கலாம். இட்லி வந்தது. கூடவே மூன்று சட்னி. அந்த அம்மாள் மூன்றாவது கிண்ணத்தைக் காட்டி, "நோ பீநட்ஸ்?" என்று கேட்டார். சர்வர் சிரித்த முகத்தோடு, "எஸ் மேடம், எஸ் எஸ். நோ ப்ராப்ளம். வெரி நைஸ்" என்றார்.

என் இலையிலும் அதே சட்னிதான். வேர்க்கடலைச் சட்னி.

நான் சட்டென்று எழுந்து, சாப்பிட வேண்டாம், அது கடலை என்று சொன்னேன். கரண்டி பாதி வழியில் நின்றது. அந்த அம்மாள் கைப்பையிலிருந்து தடித்த பேனா மாதிரி ஒன்றை எடுத்துக் காட்டினார். ஊசி மருந்து. கடலை கொஞ்சம் உள்ளே போனாலும் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடுமாம். உடனே தொடையில் இந்த ஊசியைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமாம். அவர் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

சர்வரின் முகத்தில் ரத்தமே இல்லை. நான் கை கழுவப் போனபோது பின்னாலேயே வந்தார்.

"சார், பீநட்டுன்னா என்ன சார்? எண்ணெய் டின்னுல கிரவுண்ட்நட்டுன்னுதானே சார் போட்டிருக்கு?"

நியாயமான கேள்வி. நான் பதில் சொல்வதற்குள் அடுத்ததையும் சொன்னார்.

"என்னைத் தெரியலையா சார்? 98-ல பத்தாவது, பி செக்‌ஷன். நீங்கதான் சார் இங்கிலீஷ் எடுத்தீங்க."

அன்றைக்குக் காபி இறங்கவில்லை.

31 வருஷம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவன் நான். அந்தப் பையனுக்கு ஆக்டிவ் வாய்ஸ், பேசிவ் வாய்ஸ் எல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கட்டுரை மனப்பாடம் பண்ண வைத்திருக்கிறேன். அவனும் பாஸ் பண்ணினான். ஆனால் ஒருவர் கேட்டது புரியவில்லை என்றால், "புரியவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்று இங்கிலீஷில் சொல்ல நான் அவனுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. வகுப்பில் யாராவது அப்படிக் கேட்டிருந்தால், "கவனம் எங்கேடா இருந்தது?" என்று பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்.

ஹோட்டலில் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது என்ன என்று கேட்டேன். "குட் ஈவினிங் சார், வெல்கம் சார், தேங்க் யூ கம் அகெய்ன். அப்புறம், கஸ்டமர்கிட்ட 'நோ'ன்னு சொல்லவே கூடாதுன்னாங்க சார்." பள்ளிக்கூடம் கேள்வி கேட்காதே என்றது. ஹோட்டல் இல்லை என்று சொல்லாதே என்றது. இரண்டும் சேர்ந்தால் வருவதுதான் அந்த "எஸ் எஸ்".

ஹோட்டல் ஊழியருக்கு இங்கிலீஷ் என்றதும் எல்லோரும் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸைத்தான் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வார்த்தைக்கு அவர்களிடம் பஞ்சம் இல்லை. சர்வர், டேபிள், பில், டோக்கன், பார்சல், ரோஸ்ட், ஸ்பெஷல், செட், ஃபுல் மீல்ஸ், ஒன் பை டூ என்று எண்ணிப் பாருங்கள், நூறு தேறும். இல்லாதது இரண்டு. ஒன்று, அந்த வார்த்தைகளுக்கு வெளியூர்க்காரர் என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வார் என்ற விவரம். இரண்டாவது, திருப்பிக் கேட்கும் தைரியம்.

விவரத்தை முதலில் பார்ப்போம். நமக்கு ஹோட்டல் என்றால் சாப்பிடும் இடம். அவர்களுக்குத் தங்கும் இடம். போர்டைப் பார்த்துவிட்டுப் பெட்டியோடு உள்ளே வந்து ரூம் கேட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன். நாம் பார்சல் என்பதை பிரிட்டிஷ்காரர் டேக் அவே என்பார், அமெரிக்கர் டு கோ என்பார். நம் பிரிஞ்சால் அங்கே ஆபர்ஜின், அமெரிக்காவில் எக் பிளான்ட். நம் கர்டு அவர்களுக்கு யோகர்ட். "இஸ் இட் ஹாட்?" என்று பயந்துகொண்டே கேட்பவர் விசாரிப்பது பெரும்பாலும் காரத்தை. நம் ஆள் சூடாக இருக்கிறதா என்று கேட்பதாக நினைத்துப் பெருமையாக "வெரி ஹாட் சார்!" என்பார். அவர் பாவம், பட்டினியோடு எழுந்து போய்விடுவார்.

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். ஒவ்வாமை அப்படியல்ல. ஐரோப்பிய நாடுகளில் 2014 டிசம்பரிலிருந்து, 14 வகை ஒவ்வாமைப் பொருள்கள் உணவில் இருந்தால் ஹோட்டல்காரர் அதைத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. கேட்டால் சரியான பதில் வரும் என்று பழகியவர்கள் அவர்கள். அந்த 14-இல் வேர்க்கடலை, முந்திரி போன்ற கொட்டைகள், எள், பால், கோதுமை மட்டுமில்லை, கடுகும் உண்டு. நம் தாளிப்பை நினைத்துப் பாருங்கள்! கோதுமை ஆகாதவருக்கு இட்லி தாராளமாகக் கொடுக்கலாம், ரவா இட்லி கூடாது. சாம்பார்? கடையில் வாங்கும் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். இது சர்வருக்குத் தெரியாவிட்டாலும் சரக்கு மாஸ்டருக்குத் தெரியும். பால் பொருளே தொடாதவர் பொங்கல் கேட்டால் அதில் நெய் இருப்பதைச் சொல்ல வேண்டும்.

நம் நாட்டிலும் 2020-இல் வந்த விதிப்படி, பத்தும் அதற்கு மேலும் கிளைகள் வைத்திருக்கும் உணவகங்கள் தங்கள் உணவுப் பட்டியலில் ஒவ்வாமை விவரத்தைக் குறிப்பிட வேண்டும். எங்கள் ஊர் மாதிரி ஊர்களில் இருப்பது பெரும்பாலும் ஒற்றைக் கடைகள். அங்கே அந்த அட்டை கிடையாது. அட்டை இருக்க வேண்டிய இடத்தில் சர்வர் நிற்கிறார்.

மறுநாள் முதலாளியிடம் பேசினேன். மதியச் சாப்பாடு முடிந்து டிபன் தொடங்கும் வரை, மூன்றிலிருந்து மூன்றரை வரை பையன்களை விடுங்கள், காசு வேண்டாம், நான் சொல்லித் தருகிறேன் என்றேன். கல்லாவில் இருந்தபடியே அவர் சிரித்தார். "நல்லா பேசக் கத்துக்கிட்டா மெட்ராஸுக்கோ துபாய்க்கோ போயிடுவான் சார். அப்புறம் நான் எங்க போறது?"

அவர் கவலை பொய்யில்லை. சிலர் போகத்தான் போவார்கள். போகட்டுமே, அந்தக் குடும்பம் முன்னேறினால் நமக்கு என்ன நஷ்டம்? ஆனால் இதை அவரிடம் சொல்லவில்லை. "நேத்து அந்த அம்மா அந்தச் சட்னியைச் சாப்பிட்டிருந்தா நீங்க எங்க போயிருப்பீங்க?" என்று மட்டும் கேட்டேன். சம்மதித்தார்.

ஆறு பேர் வந்தார்கள். நாலு பேர் நம் ஊர்ப் பிள்ளைகள், இரண்டு பேர் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். அந்த ஒடிசாப் பையன்கள்தான் எனக்குப் பாடம் நடத்தினார்கள். வந்து எட்டு மாதம்தான். "அண்ணா சாம்பார் போடவா? ஐயா தண்ணி சூடா வேணுமா?" என்று தப்பும் தவறுமாகத் தமிழை வெளுத்துக்கட்டுகிறார்கள். பத்து வருஷம் இங்கிலீஷ் படித்த நம் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. காரணம் யோசித்தேன். அவர்கள் தமிழுக்கு யாரும் மார்க் போடவில்லை. தப்பாகப் பேசியபோது சாப்பிட வந்தவர்கள் சிரித்துக்கொண்டே திருத்திக் கொடுத்தார்கள். நம் பிள்ளைகளின் இங்கிலீஷை நாங்கள் சிவப்பு மையால் திருத்தினோம்.

அதனால் இலக்கணத்தைத் தொடவில்லை. முதல் வாரம் இரண்டே வாக்கியம். "சாரி மேடம், ப்ளீஸ் சே அகெய்ன்." "ஒன் மினிட் சார், ஐ வில் ஆஸ்க் தி கிச்சன்." ஒருவர் வாடிக்கையாளர், ஒருவர் சர்வர் என்று மாற்றி மாற்றி நடிக்க வைத்தேன். அடுத்த வாரம் பலகாரம் பலகாரமாக, எதில் கடலை, எதில் முந்திரி, எதில் நெய், எதில் கோதுமை என்று மாஸ்டரை உட்கார வைத்துப் பட்டியல் போட்டோம். மாஸ்டருக்கு ஒரே பெருமை. அந்தப் பட்டியல் இப்போது தமிழிலும் இங்கிலீஷிலும் சமையல்கட்டு வாசலில் ஒட்டியிருக்கிறது.

"தமிழ்நாட்டுக்கு வருகிறவன் தமிழ் கற்றுக்கொள்ளட்டுமே" என்று என் நண்பர் ஒருவர் கோபித்துக்கொண்டார். நாலு நாள் கோயில் பார்க்க வருபவரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. ஆனால் அவர் கோபத்தில் பாதியை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஏ.சி. ஹாலில் உட்கார்ந்த வேட்டி கட்டிய பெரியவரிடம் "வாட் யூ வான்ட் சார்?" என்று கேட்பது மரியாதை இல்லை. அவரிடம் "வாங்க ஐயா, என்ன சாப்பிடறீங்க?" என்றுதான் கேட்க வேண்டும். வகுப்பில் இதையும் சொன்னேன். வந்தவருக்கு எந்த மொழி வசதியோ அதில் பேசுவதுதான் உபசரிப்பு.

போன வாரம் என் பழைய மாணவனைப் பார்த்தேன். ஒரு வெளிநாட்டுப் பெண் ஏதோ நீளமாகக் கேட்டாள். பழைய "எஸ் எஸ்" வரவில்லை. "சாரி மேடம், ப்ளீஸ் சே அகெய்ன்" என்றான். அவள் மெதுவாகத் திரும்பச் சொன்னாள். "ஒன் மினிட்" என்று உள்ளே போய் மாஸ்டரிடம் கேட்டுவிட்டு வந்து, "திஸ் நோ. திஸ் ஓகே" என்று கையைக் காட்டிச் சொன்னான். இலக்கணப்படி அதில் வினைச்சொல்லே இல்லை. நான் அதற்கு நூற்றுக்கு நூறு போட்டேன்.

நம்மில் எத்தனை பேர் வாத்தியாராக, வங்கியில், தபாலாபீஸில், ரயில்வேயில் முப்பது முப்பத்தைந்து வருஷம் இங்கிலீஷோடு மல்லுக்கட்டிவிட்டு இப்போது மதியம் மூன்று மணிக்குத் தூக்கம் வராமல் படுத்திருக்கிறோம்! நீங்கள் வழக்கமாகக் காபி குடிக்கும் ஹோட்டலில் அந்த நேரத்தில் நாலு பையன்கள் சும்மாதான் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு அரை மணி நேரம் போய்ப் பேசிப் பாருங்களேன். காபி இலவசம் என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது. எனக்கு மட்டும் கிடைக்கிறது.