கடைவீட்டுக்கு வரும் குட்டி

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் கடைவீட்டில் குடியிருப்பவர் நாய்க்குட்டி வளர்க்கப் போகிறேன் என்றால், என்ன இனம் என்று நான் கேட்பதில்லை. வீட்டின் பின்கட்டில் இடம் இருக்கிறதா என்றுதான் கேட்பேன். 1801-இல் உருவான பள்ளிவாசல், குவான் யின் கோயில், குவீன் வீதி மாரியம்மன் கோயில் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கும் வட்டாரம் இது. வீடுகளும் சுவரோடு சுவர் ஒட்டியவை. இங்கே ஒரு நாயின் பழக்கம் பக்கத்து வீட்டாரையும் சேர்ந்தது.

முதல் பாடம் கழிப்பிடம். இரண்டு மாதக் குட்டியால் பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்குமேல் சிறுநீரை அடக்க முடியாது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி ஓய்ந்ததும் பின்கட்டில் ஒரே மூலைக்குத் தூக்கிப் போங்கள். இருந்து முடித்த கையோடு ஒரு துண்டுத் தின்பண்டம் கொடுங்கள். உள்ளே வந்து கொடுத்தால் எதற்குக் கொடுத்தீர்கள் என்று அதற்குப் புரியாது. தவறிய இடத்தில் மூக்கைத் தேய்ப்பது, பத்திரிகையைச் சுருட்டி அடிப்பது எல்லாம் பழைய வைத்தியம். குட்டி கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: உங்கள் கண்ணில் படாமல் கட்டிலுக்கு அடியில் போய் இருப்பது!

அஞ்சடியைக் கழிப்பிடம் ஆக்கவே கூடாது. தொழுகைக்குப் போகிறவர்கள் நடக்கும் வழி அது. ஷாஃபி நெறியைப் பின்பற்றும் முஸ்லிம்கள், நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும். துள்ளி ஓடி யார் காலையாவது நக்கிவிட்டால் அவருக்கு எவ்வளவு சிரமம்!

குட்டிக்கும் அஞ்சடி ஆபத்துதான். பார்வோ கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். சாக்கடை எலிகளின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் வரும். ஆறு, எட்டு வாரத்தில் தொடங்கும் தடுப்பூசிகள் நான்கு மாத வாக்கில் முடியும்வரை தெருத்தரையில் இறக்கிவிடாதீர்கள்.

அதற்காக அறையில் பூட்டியும் வைக்காதீர்கள். பதினான்கு வாரத்துக்குள் பழகாத சத்தமும் மனிதரும் பிறகு அதற்குப் பயம். கையில் ஏந்தி வாசலில் நில்லுங்கள். மோட்டார் சைக்கிள், மேளம், பட்டாசு எல்லாம் தூரத்திலிருந்து காதில் விழட்டும். பாங்கு ஒலிக்கும் நேரத்தில் சன்னலைச் சாத்தி, சாப்பாட்டுத் தட்டை வையுங்கள். ஊளையிடும் பழக்கம் பெரும்பாலும் ஒட்டாது.

சாப்பாடு இரண்டு மாதத்தில் நாளைக்கு நான்கு வேளை, ஆறு மாதத்தில் இரண்டு வேளை. நாசி கண்டார் மிச்சம் வேண்டாம். வெங்காயம் நாயின் இரத்த அணுக்களைச் சிதைக்கும். இரவில் அழுதால் படுக்கையை உங்கள் கட்டிலருகே போடுங்கள். தாயைப் பிரிந்த குழந்தை அல்லவா?

இவ்வளவு பாடு எதற்கு என்பவர்களுக்கு 2015 நினைவிருக்கும். அந்த ஆண்டு பினாங்கு, கெடா, பெர்லிஸில் வெறிநாய்க்கடி நோய் தென்பட்டது. தெருநாய்களைக் கொல்ல மாநில அரசு உத்தரவிட்டது. தெருநாய்களில் பலவும், பழக்கம் சரியில்லை என்று யாரோ சந்தைப் பக்கம் இறக்கிவிட்ட வீட்டுக்குட்டிகளும் அவற்றின் வாரிசுகளும்தான்.

மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, மாநகர் மன்ற உரிமம், கழுத்துப்பட்டை. ஊசிகள் முடிந்ததும் முதல் உலாவுக்குக் காலை ஏழரை மணி நல்லது. வெள்ளிக்கிழமை நண்பகல் அந்தச் சாலை வேண்டாம்.