நூற்றுக்கு நூறு என்னும் பொய்க்கணக்கு

பொதுத்தேர்வில் மாநில, மாவட்ட முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாட்டரசு 2017-இல் கைவிட்டது. நற்செயலே. பிள்ளைகளின் படங்களைச் செய்தித்தாளிலிட்டு நடந்த கல்வி வாணிகம் அதனாற் சற்றே அடங்கிற்று. ஆயின், மாணவர்க்கு நீங்கிய தரவரிசை பள்ளிகட்கு நீங்கிற்றா? எம்மாவட்டம் எத்தனை விழுக்காடு என்னும் பட்டியல் ஆண்டுதோறும் வருகின்றது. குறைந்த பள்ளியின் தலைமையாசிரியர் அலுவலர்முன் நின்று விளக்கம் சொல்லுகின்றார்.

அன்பர்களே, இவ் விழுக்காடுதான் யாது? தேர்வெழுதியோருள் தேறினோர் தொகை. எழுதாமலே நின்றவன் அக்கணக்கில் இல்லை! மெலிந்த மாணவனை ஒன்பதாம் வகுப்போடு மாற்றுச்சான்று கொடுத்து விடுத்தால் விழுக்காடு தானே உயரும். அங்ஙனம் நூறு காட்டும் பள்ளியினும், அவனை ஏற்றுக்கொண்டு எண்பது காட்டும் அரசுப்பள்ளியன்றோ பெரிது? அதனையே குற்றக்கூண்டில் ஏற்றுகின்றனர்.

பதினொன்றாம் வகுப்பிற்கு நேர்ந்ததைப் பாருங்கள். தனியார் பள்ளிகள் பல அவ்வகுப்பு நூல்களைத் தொடாமலே பன்னிரண்டாம் வகுப்பு நூல்களை ஈராண்டு உருப்போடச் செய்தன. அதனைத் தடுக்கவே 2018-இல் பதினொன்றிற்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-இல் வெளிவந்த மாநிலக் கல்விக்கொள்கை அதனை நீக்கிற்று. பிள்ளைகளின் சுமை குறைந்தது உண்மையே. பழைய ஏய்ப்பு மீளாதவாறு காப்பவர் யார்?

(இடையே, தமிழுக்கிருந்த ஈரு தாள்கள் ஒரு தாளாய்ச் சுருங்கியதையும் மறவாதீர்.)

ஆறாம் வகுப்பிற் சேர்ந்தோர் எத்துணைப் பேர், பத்தாம் வகுப்புவரை நிலைத்தோர் எத்துணைப் பேர், அவருள் தாய்மொழியில் ஒரு பக்கம் பிழையின்றி எழுதவல்லார் எத்துணைப் பேர் என்று அரசு கேட்கட்டும். அக்கேள்வியைத் தனியார் பள்ளிகளிடமும் கேட்கட்டும்.