மதுரைக்குத் தெற்கே உள்ளவர் எத்தனை முனையங்களைத் தாண்டுவது?

சிவகாசியில் பட்டாசு ஆலையைப் 'பயர் ஆபீஸ்' என்பார்கள். அந்த ஆபீஸை நடத்துகிறவர் ஆண்டுக்கு எத்தனை முறை விமானம் ஏறுகிறார் என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. வெடிபொருள் உரிமங்களைக் கையாளும் 'பெசோ' அமைப்பின் தலைமையகம் நாக்பூரில் இருக்கிறது. பசுமைப் பட்டாசுக்கான கலவையை வகுத்த 'நீரி' ஆய்வு நிறுவனமும் அதே நாக்பூரில்தான். 2015இல் தொடங்கிய பட்டாசு வழக்கோ டெல்லியில், உச்ச நீதிமன்றத்தில். அச்சகம் வைத்திருப்பவருக்கு ஜெர்மனியின் டியூசல்டார்ஃப் நகரில் நடக்கும் 'ட்ரூபா' அச்சு இயந்திரக் கண்காட்சி முக்கியம். கடைசியாக 2024 மே, ஜூன் மாதங்களில் நடந்தது. விருதுநகரின் வத்தல், மல்லி, பருப்பு வியாபாரிக்கு மும்பையில் வேலை இருக்கும். இவர்களோடு துபாய்க்கும் தோஹாவுக்கும் கோலாலம்பூருக்கும் பிழைப்புக்காகப் போகிற இளைஞர்களையும் சேர்த்துக்கொண்டால், கந்தக பூமி என்று பெயரெடுத்த இந்த வட்டாரம் ஓயாமல் பறந்துகொண்டிருக்கிற வட்டாரம் என்பது விளங்கும்.

விருதுநகர் மாவட்டத்துக்குள் விமான நிலையம் கிடையாது. மதுரைதான் பக்கம். சிவகாசியிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். 2010இல் திறந்த அந்த முனையத்தில் வழி தவறுவதற்கு இடமே இல்லை: ஒரே கட்டடம், கண்ணெதிரே வாசல்கள். சிக்கல் அதற்கு அடுத்த ஊரில் ஆரம்பிக்கிறது. மதுரையிலிருந்து நேராகப் போகக்கூடிய ஊர்கள் குறைவு என்பதால், தொலைவுக்குப் போகிற எவரும் சென்னையிலோ பெங்களூரிலோ மும்பையிலோ இறங்கி மாற வேண்டும். அந்த மாற்றத்தில்தான் பலருடைய பணமும் நிம்மதியும் போகின்றன.

அடிக்கடி பறக்கிறவர் இதைச் சமாளிக்கப் பழகியிருக்கிறார். பெங்களூரில் 2023 செப்டம்பரிலிருந்து வெளிநாட்டு விமானங்கள் எல்லாம் இரண்டாம் முனையத்துக்குப் போய்விட்டன என்பது அவருக்குத் தெரியும். மதுரையிலிருந்து இண்டிகோவில் போனால் பெரும்பாலும் முதல் முனையத்தில்தான் இறக்குவார்கள். வெளியே வந்து பேருந்து பிடித்து அடுத்த முனையத்துக்குப் போக வேண்டும். மும்பையில் முதல் முனையம் சாந்தாகுரூஸ் பக்கமும் இரண்டாம் முனையம் சகார் பக்கமும் கிடக்கின்றன. நடுவில் சில கிலோமீட்டர் சாலை, அந்தச் சாலையில் மும்பையின் நெரிசல். ஐதராபாத்தில் உள்நாடும் வெளிநாடும் ஒரே கூரைக்குக் கீழ் இருப்பதால், கட்டணம் சற்றுக் கூடுதலானாலும் அந்த வழியைத் தேர்ந்தெடுக்கிறார். சரியான தேர்வு அது.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துக்காரர்கள் செங்கோட்டை வழியாகத் திருவனந்தபுரம் போய் வளைகுடா விமானம் ஏறுவதும் உண்டு. காரில் போகிறவர் பன்னாட்டு முனையம் இருக்கும் சாக்கைக்கு நேராகப் போய்விடலாம். உள்நாட்டு விமானத்தில் போய் இறங்குகிறவர் பெரும்பாலும் சங்குமுகத்தில், ஓடுபாதைக்கு மறுபுறம் நிற்பார். கண்ணுக்கு எதிரே தெரிகிற கட்டடத்துக்குச் சாலையில் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அங்கே முதல்முறை போகிறவருக்கு இதைச் சொல்ல யாரும் இல்லையென்றால் ஆட்டோக்காரர்தான் சொல்ல வேண்டும்.

டெல்லி இன்னொரு பாடம். 2010இல் திறந்த மூன்றாம் முனையத்திலிருந்து வெகு தூரம் தள்ளி முதல் முனையம் இருக்கிறது. 2024 ஜூன் 28 அன்று பெருமழையில் முதல் முனையத்தின் முகப்புக் கூரை சரிந்து விழுந்து ஒருவர் இறந்தார். அன்றே விமானங்கள் மற்ற முனையங்களுக்கு மாற்றப்பட்டன. 2025 ஏப்ரலில் இரண்டாம் முனையம் மராமத்துக்காக மூடப்பட்டு அக்டோபரில் மீண்டும் திறக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் ஒரே நிறுவனத்தின் விமானங்கள் இங்கும் அங்குமாக இடம் மாறின. டிக்கெட் எடுத்த நாளில் அச்சடித்த முனைய எண்ணை நம்பிப் போனவர் தவறான வாசலில் இறங்கினார் என்றால் அது அவர் குற்றமா? வழக்கு விசாரணைக்காக மாதம் தவறாமல் டெல்லி போகிறவர் கிளம்புகிற நாளன்று காலையில் மறுபடி ஒருமுறை எண்ணைச் சரிபார்த்துக்கொள்கிறார். அக்கா மகள் கல்யாணத்துக்காக ஆயுளில் முதல்முறை விமானம் ஏறுகிறவருக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்?

சென்னையைப் பொறுத்தவரை முனையங்கள் ஒரே வரிசையில் நிற்பது பெரிய ஆறுதல். விருதுநகரில் பிறந்த காமராசரின் பெயரை உள்நாட்டு முனையத்துக்கும் அண்ணாவின் பெயரைப் பன்னாட்டு முனையத்துக்கும் வைத்த காலத்தில் இரண்டு பெயர்கள் போதுமானவையாக இருந்தன. இப்போது எண்கள். உள்நாட்டுக்கு ஒன்றும் நான்கும். வெளிநாட்டுக்கு 2023 ஏப்ரலில் திறக்கப்பட்ட இரண்டாம் முனையம். வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர்கள் அதிகம் தடுமாறுவது நடையில் அல்ல, லக்கேஜில். துபாயிலோ தோஹாவிலோ மதுரை வரை ஒரே டிக்கெட் எடுத்து, பெட்டியில் மதுரை என்று டேக் போட்டிருந்தாலும், பொதுவாக இந்தியாவில் முதலில் இறங்கும் ஊரிலேயே இமிகிரேஷனையும் சுங்கத்தையும் முடிக்க வேண்டும். பெல்ட்டிலிருந்து பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி ஒப்படைக்க வேண்டும். இது தெரியாமல், பெட்டி தானாக மதுரைக்கு வந்துவிடும் என்று கைவீசிக்கொண்டு உள்நாட்டு முனையத்துக்கு நடக்கிறவர்கள் இருக்கிறார்கள். டிக்கெட் விற்கும் ஏஜென்ட் ஒரு வரியில் எழுதிக் கொடுத்திருந்தால் தீர்ந்திருக்கும் பிரச்சினை.

ஏஜென்ட்கள் சொல்ல வேண்டிய இன்னொரு விஷயம் இதைவிட முக்கியமானது. மதுரை–சென்னை ஒரு டிக்கெட், சென்னை–துபாய் வேறொரு டிக்கெட் என்று தனித்தனியாக எடுத்தால் ஆயிரம் இரண்டாயிரம் மிச்சமாகலாம். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால், இரண்டாவது நிறுவனத்துக்கு அதில் பொறுப்பு கிடையாது. 'வரவில்லை' என்று குறித்துக்கொண்டு போய்விடும். ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே பதிவு எண்ணில், இரண்டு பயணமும் இருந்தால்தான் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் கடமை நிறுவனத்துக்கு வருகிறது. கடன் வாங்கி விசா எடுத்துப் போகிற இளைஞருக்கு அந்த ஆயிரம் ரூபாய் மிச்சம் முப்பதாயிரம் ரூபாய் நஷ்டமாக முடியலாம். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட் 'ஈசிஆர்' வகையாக இருக்கும்; வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போக அவர்களுக்குக் குடிபெயர்வு அனுமதியும் வேண்டும். இமிகிரேஷன் மேசையில் போய் நின்று இதைத் தெரிந்துகொள்வது கொடுமை.

சிவகாசிக்காரருக்கு என்று தனியாக ஒரு சங்கடம் உண்டு. பட்டாசையும் மத்தாப்பையும் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, சரக்குப் பெட்டியிலும் வைக்க முடியாது என்பது அவர்களைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. பல நாடுகளில் ஒரு சிறு தீப்பெட்டியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள விடுவார்கள். இந்திய விமான நிலையங்களில் அதற்கும் அனுமதி இல்லை. சங்கடம் பொருளில் இல்லை, துகளில் இருக்கிறது. பாதுகாப்புச் சோதனையில் ஒரு சிறு துணித் துண்டால் உள்ளங்கையையும் பைக் கைப்பிடியையும் துடைத்து ஒரு கருவிக்குள் செருகுவார்கள். அது துகளைச் சூடாக்கி ஆவியாக்கி, அயனிகள் நகரும் வேகத்தை வைத்து வெடிபொருளின் சுவடு இருக்கிறதா என்று பார்க்கும். நைட்ரேட், பெர்குளோரேட் உப்புகள் அதன் கண்ணில் படலாம். பட்டாசு ஆலைக்குள் காலையில் நடந்துவிட்டு அதே செருப்போடு, அதே பையோடு மாலையில் விமானம் ஏறப் போகிறவரிடம் கருவி ஒலி எழுப்ப வாய்ப்பு இருக்கிறது. உரம் தொட்ட விவசாயியின் கைக்கும், கிளிசரின் கலந்த கிரீம் பூசிய கைக்கும், நைட்ரோகிளிசரின் மாத்திரை போடும் இதய நோயாளிக்கும்கூட அது ஒலிப்பதுண்டு.

ஒலித்தால் குற்றவாளி ஆகிவிட்டதாகப் பொருளில்லை. தனியே அழைத்துச் சோதிப்பார்கள், தொழிலைக் கேட்பார்கள், சரியென்றால் அனுப்புவார்கள். ஆனால் இணைப்பு விமானத்துக்கு நாற்பது நிமிடமே இருக்கும்போது அந்தத் தனிச் சோதனை பயணத்தையே கெடுத்துவிடும். உள்நாட்டு விமானங்களின் ஏறும் வாசல் பெரும்பாலும் 25 நிமிடத்துக்கு முன்பே மூடப்படுகிறது. பயணத்துக்கென்று தனிப் பையும் தனிச் செருப்பும் வைத்துக்கொண்டு, அவற்றை ஆலைப் பக்கமே கொண்டுபோகாமல் இருப்பது நல்லது. தொழில் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். இந்த விளக்கத்தைத் தமிழில் அச்சடித்து ஆலைகளிலும் டிராவல்ஸ் கடைகளிலும் ஒட்டுவது ஒரு தொழில் சங்கத்துக்குப் பெரிய செலவு இல்லை. அச்சடிப்பதற்குச் சிவகாசியைவிடத் தோதான ஊர் எது?

தனியே அழைத்துக் கேட்கும்போது எந்த மொழியில் கேட்கிறார்கள் என்பதும் முக்கியம். 2020 ஆகஸ்டில் சென்னை விமான நிலையத்தில், தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசும்படி கேட்ட நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியிடம் 'நீங்கள் இந்தியரா' என்று மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை அலுவலர் ஒருவர் கேட்டதாக எழுந்த புகார் நாடெங்கும் பேசப்பட்டது, விசாரணைக்கும் உத்தரவிடப்பட்டது. மக்களவை உறுப்பினருக்கே அந்த நிலை என்றால், திருத்தங்கல் தீப்பெட்டித் தொழிலாளியின் மகன் அந்த மேசை முன் எப்படி நிற்பான்? கொழும்பு பண்டாரநாயக்க விமான நிலையத்தில் சிங்களம், ஆங்கிலத்தோடு தமிழிலும் பலகைகள் இருக்கின்றன. பெங்களூரிலும் மும்பையிலும் தமிழ்ப் பலகையை எதிர்பார்க்க முடியாது, ஒப்புக்கொள்ளலாம். தமிழ்நாட்டு நிலையங்களின் சோதனை மேசைகளில் தமிழ் பேசுகிறவர் ஒவ்வொரு வேளையிலும் இருக்க வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை.

அடிக்கடி வெளிநாடு போகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: 2024 ஜூனில் டெல்லியில் தொடங்கிய நம்பகப் பயணி விரைவு இமிகிரேஷன் திட்டம் 2025 ஜனவரியில் சென்னைக்கும் வந்தது. இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்கள் இணையத்தில் விண்ணப்பித்து, கைரேகையும் முகப்பதிவும் கொடுத்தால் தானியங்கி வாசல் வழியே போகலாம். கட்டணம் இல்லை.

இத்தனை சாமர்த்தியமும் எதற்காகத் தேவைப்படுகிறது என்று கேட்டால், பதில் விமானப் போக்குவரத்து ஒப்பந்தங்களில் இருக்கிறது. 2012இல் மதுரையிலிருந்து கொழும்புக்கு முதல் பன்னாட்டு விமானம் பறந்தது. அதன்பின் துபாய், சிங்கப்பூர் சேவைகள் வந்தன. 2025 ஜூனில் இண்டிகோ அபுதாபிக்கு விமானம் விட்டது. ஆனால் துபாய், சிங்கப்பூர், மலேசிய நிறுவனங்கள் தங்கள் விமானங்களை மதுரைக்குக் கொண்டுவர முடியாது. அந்த நாடுகளுடன் இந்தியா செய்துகொண்ட ஒப்பந்தங்களின் ஊர்ப் பட்டியலில் மதுரை இல்லை. ஆசியான் நாட்டு நிறுவனங்களுக்குத் தாராளமாகத் திறந்துவிடப்பட்ட பதினெட்டு ஊர்களில் திருச்சி இருக்கிறது. அதன் பலனைத் திருச்சியில் பார்க்கலாம்: சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் நேரடி விமானங்கள், 2024இல் பயன்பாட்டுக்கு வந்த புதிய முனையம். விருதுநகர்க்காரர் மதுரை நிலையத்தைத் தாண்டி, மேலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் காரில் போய்த் திருச்சியில் விமானம் ஏறுகிறார்.

நாடாளுமன்றத்தில் கேட்கும்போதெல்லாம், இந்திய நிறுவனங்கள் மதுரையிலிருந்து எந்த நாட்டுக்கும் பறக்கலாமே என்று அரசு பதில் சொல்கிறது. வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் கதவைத் திறந்தால் இந்தியப் பயணிகளைத் தங்கள் ஊர் வழியாக அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற கவலையும் அதற்குப் பின்னால் உண்டு. துபாயுடன் வாரத்துக்குச் சுமார் 66,000 இருக்கைகள் என்ற வரம்பு வைத்திருப்பதும் அதனால்தான். அந்தக் கவலையை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் தென்மாவட்டப் பயணி ஏற்கெனவே வேறு ஊர் வழியாகத்தான் போகிறார். ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் மதுரையில் ஏற்றிக் கொழும்பில் மாற்றி அவரை வளைகுடாவுக்கும் கிழக்காசியாவுக்கும் அனுப்புகிறது. வெளிநாட்டு வழியாகப் போவதைத் தடுப்பதாகச் சொல்லும் கொள்கை மதுரையைப் பொறுத்தவரை எதையும் தடுக்கவில்லை. பயணிக்கு நேரத்தையும் ஒரு முனையத்தையும் கூட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

மதுரையின் 7,500 அடி ஓடுபாதையை 12,500 அடியாக நீட்டும் திட்டத்துக்காக மக்கள் நிலம் கொடுத்திருக்கிறார்கள். திருப்பரங்குன்றம், திருமங்கலம் சட்டமன்றத் தொகுதிகள் விருதுநகர் மக்களவைத் தொகுதிக்குள் வருவதால், மதுரை விமான நிலையம் விருதுநகர் வாக்காளரின் பிரச்சினையும்கூட. அடுத்த முறை துபாயுடனோ சிங்கப்பூருடனோ மலேசியாவுடனோ பேச்சு நடக்கும்போது, இருக்கை எண்ணிக்கையைக் கூட்டாவிட்டாலும் பரவாயில்லை, ஊர்ப் பட்டியலில் மதுரையை மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகம் சேர்க்க வேண்டும். அதுவரை, சிவகாசியிலும் விருதுநகரிலும் டிக்கெட் விற்கும் ஒவ்வொரு ஏஜென்டும் ஏறும் முனையம், இறங்கும் முனையம், பெட்டியை எங்கே எடுக்க வேண்டும் என்ற மூன்றையும் தமிழில் எழுதிக் கையில் கொடுக்கட்டும். டிக்கெட் வாங்குகிறவர்களும் அதைக் கேட்டு வாங்குங்கள்.